தண்ணீர், கழிப்பறை: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை போட்டோக்காரன்:
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். நம்ம பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். எல்லாரையும் சிரிக்கச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் உதட்டைப் பிரிக்கவில்லை. "சிரிம்மா" என்றேன். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டது. பக்கத்துப் பிள்ளை மெதுவாகச் சொன்னது: "அவளுக்குப் பல்லெல்லாம் காவிண்ணா." தண்ணீரில் கரைந்திருக்கிற ஃப்ளோரைடு என்ற உப்பின் வேலை. என் பல்லும் அப்படித்தான். தெரிந்திருந்தும் அவளைச் சிரிக்கச் சொன்னேனே என்று இன்னும் உறுத்துகிறது.

வேலந்தாவளம் தம்பி:
அண்ணா, பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும், எங்கள் வீட்டில் அப்படித்தான். எனக்கு லாரித் தண்ணீர் ஞாபகம்தான். மத்தியானம் வரும் என்றார்கள், ராத்திரி பத்து மணிக்கு ஹாரன் கேட்டது. ஓடின அம்மா வாசற்படியில் இடறி விழுந்தார். முழங்காலில் ரத்தம். எழுந்ததும் முதலில் கேட்டது, "குடம் விரிசல் விட்டிருச்சா?"

தேவிகுளத்து மகள்:
அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். காலையில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க வேண்டும், தேயிலைக்குள் எங்கே ஒதுங்குவது? நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், "வெள்ளம் குடிக்காறில்லே?" (தண்ணீர் குடிப்பதில்லையா?) என்று மலையாளத்தில் கேட்டார். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

வேலை செய்யும் இடத்தில் குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. குடிநீரும் கழிப்பிடமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் போட்டது. அந்த ஜூலையிலும் அம்மா தண்ணீர் குடிக்காமல்தான் மலையேறினார்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
வேலந்தாவளம் தம்பி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பேஸ்ட்டுக்கும் அந்தக் கறை அசையாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே பிடிக்கிற கறை அது. அதனால் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் முதலில் நல்ல தண்ணீர் தேட வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். இன்னும் ஆழமாகப் போர் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாறையிலிருந்து கரைந்து வருவது அது, ஆழத்தில் கூடுதலாகவும் இருக்கலாம். மழைத் தண்ணீர் நல்லது. முதல் மழையை ஓடவிட்டு, கூரை கழுவின பிறகு வருவதைத் துணியில் வடிகட்டி மூடிய தொட்டியில் பிடித்து வையுங்கள். அதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், அது சரி.

என் அனுபவம் சின்னது. என் வகுப்பில் ஒரு பிள்ளை மாதாமாதம் மூன்று நாள் வராது. கேட்டதற்கு, "பாத்ரூம் குழாயில தண்ணி வராது டீச்சர்" என்றாள். அதே பாத்ரூமுக்குத் தினமும் போய்வந்தவள் நான்.

வேலந்தாவளம் தம்பி:
டீச்சர், எங்கள் பாப்பாவுக்கு மூணு வயசு. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறோம். டெஸ்ட்டுக்கு எங்கே கொண்டுபோக வேண்டும்?