3 பென்ஸ் தேயிலை வரி கொடுங்கோன்மையா?

கடற்காகம்:
பிரிட்டனின் 1773 தேயிலைச் சட்டத்தால், அதன் அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. வரி ஒரு பவுண்டு எடைக்கு வெறும் 3 பென்ஸ். இதற்காக பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டியதை எப்படி விடுதலைப் போராட்டம் என்கிறீர்கள்? கடத்தல் தேயிலை விற்றவர்களின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருந்தது.

செங்காந்தள்:
வரி சின்னதுதான், மறுக்கவில்லை. பயம் வேறு. 1766இல் முத்திரை வரியை (ஆவணங்கள், செய்தித்தாள்கள் மீதான வரி) ரத்து செய்த கையோடு, குடியேற்றங்களை எல்லா விஷயங்களிலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அங்கே இவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. அரசு என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு, நம்பிக்கை முறிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக். 1774இல் அது கண்ணெதிரே முறிந்தது. தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸின் மேலவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, மன்னரே நியமிப்பார் என்றார்கள். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஊர்க்கூட்டம் போடவே ஆளுநரின் அனுமதி வேண்டும்! இது கொடுங்கோன்மை இல்லை என்றால் வேறு எது?

கடற்காகம்:
அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர் உங்கள் லாக். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் வீட்டில் அடிமைகள். மன்னர் படையில் சேரும் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் அறிவித்ததும், நூற்றுக்கணக்கானோர் அவரிடம் ஓடினார்கள். யாரிடமிருந்து தப்பி?

தும்பை:
டன்மோரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். மன்னர் பக்கம் நின்றவர்களின் அடிமைகளுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

செங்காந்தள்:
ஜெஃபர்சனின் அந்த முரணுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எலிசபெத் ஃப்ரீமனைப் பாருங்கள். மாசசூசெட்சில் அடிமையாக இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத பெண். எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது அந்த மாநிலத்தின் 1780 அரசியல் சாசனம். அது தனக்கும் பொருந்தும் என்று வழக்கறிஞர் தியோடர் செட்ஜ்விக்கிடம் போனார். 1781இல் ஜூரி அவரை விடுவித்தது. 30 ஷில்லிங் இழப்பீடும் கிடைத்தது. எழுதியவர்கள் மனதில் என்ன இருந்தாலும், எழுதிய சொல்லை அவர் பிடித்துக்கொண்டார்.

கடற்காகம்:
சரி, ஆனால் அவர் போனது நீதிமன்றத்துக்கு. அதே மாநிலத்தில் 1786இல் வரியாலும் கடனாலும் நொந்த விவசாயிகள், விடுதலைப் போரில் சண்டையிட்டவர்கள் உட்பட, நிலம் பறிபோகாமல் இருக்க நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். டேனியல் ஷேய்ஸ் கலகம் என்று பெயர். தேயிலைப் போராட்டத்தின் முன்னணித் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ், இவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்றார். அப்படியானால் எது கொடுங்கோன்மை என்று தீர்மானிப்பது யார்?

செங்காந்தள்:
மன்னரை வாக்குப் போட்டு இறக்க முடியாது, குடியரசில் முடியும். ஆடம்ஸின் வாதத்துக்கு அடிப்படை அதுதான். நடந்ததும் அதுவே. படையை அனுப்பிய ஆளுநர் 1787 தேர்தலில் தோற்றார், ஜான் ஹான்காக் வந்தார், கலகக்காரர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு. ஷேய்சுக்கும் 1788இல் கிடைத்தது.

கடற்காகம்:
அந்த வாக்கைப் போட 60 பவுண்டு சொத்தாவது, ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமாவது வேண்டும் என்றது நீங்கள் சொன்ன அதே 1780 சாசனம். கடனில் நிலத்தை இழந்தவன் எந்தத் தேர்தலுக்குப் போவான்?