கண்மாய்க் குழுத் தலைவரைப் பக்கத்து ஊராருக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

வரத்துக்கால்:
வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைக் காக்க இயங்கும் தன்னார்வக் குழுவுக்கு, ஒரு ரூபாய்கூடப் பெற்றுக்கொள்ளாமல் ஒரு விவசாயி தலைமை ஏற்றிருக்கிறார். நீர் தேங்கும் உள்வாயில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை அகற்றி, கரையில் பனை விதைகளை ஊன்றிவிட்டோம். ஆனால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கத்து ஊர் வழியாக வருவதால், அவ்வூராரின் இசைவின்றி அதைத் தூர்வார இயலாது. அடுத்த வாரம் அவர்கள் முன்னிலையில் தலைவரை அறிமுகப்படுத்திப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பட்டமோ பதவியோ இல்லாத அவரைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது?

மேலமடை:
'சேவைச் செம்மல்' போன்ற அடைமொழிகளை முதலில் விட்டுவிடுங்கள். 'இவரை நம்பி நம் ஊர் எல்லையில் பொக்லைனை இறக்க விடலாமா' என்பதுதான் அங்கே அமர்ந்திருப்போரின் மனத்தில் ஓடும். வசூலான பணத்துக்கு ரசீது கொடுத்தாரா, டீசல் செலவு வரைக்கும் கணக்கைச் சாவடியில் ஒட்டினாரா, அள்ளிய மண் எங்கே போனது ஆகியவற்றைச் சொல்லுங்கள். கண்மாய் மண் விற்கப்பட்டது என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், எவ்வளவு நல்ல குழுவும் எழுந்து நிற்பது கடினம்.

கடைமடை வாசகர்:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, துபாயில் மென்பொருள் துறையில் பணியாற்றிய நிமல் ராகவன் நிவாரணப் பணியில் இறங்கியதும், அடுத்த ஆண்டு 'கைஃபா' எனப்படும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்து தஞ்சாவூர் மாவட்டப் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரியதும் பலர் அறிந்தவை. அவரை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் வெளிநாட்டு வேலையைத் துறந்ததையே முன்னிறுத்துகிறார்கள். அந்தத் துணிவை நானும் மதிக்கிறேன். ஆயினும் காவிரி நீர் வந்து சேராத கடைமடை விவசாயிகள் தங்கள் குளத்துக்காகத் தாங்களே பணமும் உழைப்பும் திரட்டியதைச் சேர்த்துச் சொல்லும்போதுதான், அவர் எத்தகைய தலைவர் என்பது விளங்குகிறது. உங்கள் தலைவரோடு நிற்பவர்களையும் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்:
மேற்சொன்னவற்றோடு ஒன்று. தன்னார்வலருக்கு அதிகாரம் கிடையாது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையைச் சேர்ந்தது. உரிய அனுமதிக் கடிதத்தின் நகலைக் கூட்டத்தில் காட்டுங்கள். குடிமராமத்து என்பது வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து கரையையும் கால்வாயையும் செப்பனிட்ட பழைய ஏற்பாடு. 1858-இல் சென்னை மாகாணத்துக்காக அதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. உங்கள் தலைவர் செய்வதும் அந்த வழியில் வருவதுதான் என்றால், மூத்த விவசாயிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வரத்துக்கால்:
மிக்க நன்றி. இவ்வாறு தொடங்க எண்ணுகிறேன்: "இவர் எங்கள் ஊர்க் கடைசி மடையில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருப்பவர். கரை உடைந்த இரவில் மணல் மூட்டையோடு முதலில் வந்து நின்றவர். குழுவின் கணக்கு நோட்டு இதோ மேசைமேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கால்வாயில் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பதை உங்கள் ஊர் நீர்பாய்ச்சியிடம் கேட்டுச் செய்யவே இவர் வந்திருக்கிறார்." இதில் திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள்.

மேலமடை:
கடைசி வரியை முதலில் வையுங்கள்.