ரோமக் காசுக்குப் புளி ஆகாது

மண் அப்பிய ரோமச் செப்புக் காசை எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போடலாமா என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை நான் கற்றுக்கொள்ள நல்ல காசு ஒன்றைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதால், நடந்ததை முழுமையாகவே எழுதுகிறேன்.

நான் கோவையில், வெள்ளலூருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 1842இல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோம வெள்ளிக்காசுகள் 500க்கும் மேல் ஒரே குவியலாகக் கிடைத்த ஊர் அது. அந்தப் பேச்சைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, சில ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி மண்ணோடு வந்த துலக்காத காசுகள் பன்னிரண்டைக் கண்டதும் என்னால் நகர முடியவில்லை. எல்லாம் நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. பார்வைக்குச் சரளைக்கல் போல இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆத்தா கையில் வாங்கிப் பார்த்து, "புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சுப் பாரு கண்ணு, பொன்னாட்டம் மின்னும்" என்றார். நோம்பிக்கு நோம்பி செப்புக் குடத்தையும் பித்தளை அண்டாவையும் அப்படித்தான் துலக்குவார்; நானும் மறுபேச்சுப் பேசவில்லை. அரை மணி நேரம் புளிக்கரைசலில் கிடந்த காசை எடுத்துத் தேய்த்தபோது, பச்சையும் கருப்புமாக இருந்த மேல்பரப்பு சேறாகக் கழன்று ஓடியது. கையில் மிஞ்சியது, அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்த ஒரு சிவந்த தகடு. தலையும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஆத்தாவின் வைத்தியம் குடத்துக்குச் சரியானதே. குடத்தின் மேல் படிந்திருப்பது சில மாதத்துக் கறுப்பு. புளியின் அமிலம் அதைக் கரைத்தால் அடியில் முழு உலோகம் இருக்கும். 1,600 ஆண்டுகள் மண்ணில் கிடந்த காசின் நிலை வேறு. அதன் மேற்பரப்புச் செம்பு, மண்ணின் ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து தாதுப்பொருளாகவே, அதாவது களிம்பாகவே மாறிவிட்டிருக்கிறது. அரசனின் மூக்கும் காதும் முடிச்சுருளும் பதிந்திருப்பது உள்ளே மிச்சமிருக்கும் உலோகத்தில் அல்ல, அந்தக் களிம்பில்தான். களிம்பைக் கரைப்பது காசையே கரைப்பதாகும். எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். மின்சாரம் பாய்ச்சித் துலக்கும் மின்பகுப்பு முறையும் பழக்கமில்லாதவர் கையில் களிம்பை உரித்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மீதிப் பதினொன்றையும் காய்ச்சி வடித்த நீரில் போட்டேன். பேட்டரிக் கடையில் கேனில் விற்பார்களே, அந்த நீர்தான். மூன்று நாளைக்கு ஒரு முறை நீரை மாற்றி, மென்மையான பல் துலக்கியால் மெல்லத் தடவுவேன். மண் இளகுவதற்குச் சில காசுகளுக்கு ஒரு மாதம் ஆயிற்று, சிலவற்றுக்கு அரை ஆண்டு. ஆலிவ் எண்ணெயில் ஊற வைக்கும் பழக்கம் இத்துறையில் நெடுநாளாக உண்டு. அதிலும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, வேலையும் மிக மெதுவாக நடக்கும். எனக்கு நீரே போதுமானதாக இருந்தது.

இளகாத கட்டி மண்ணுக்குக் கருவி தேவை. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கினேன். ஊசி வழுக்கினால் களிம்பில் வெள்ளைக் கீறல் விழுகிறது. எங்கள் தோட்டத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில் நிற்கும் வெள்வேல மரத்தின் காய்ந்த முள்ளோ, மண்ணைக் குத்தி எடுக்கும் அளவுக்கு உறுதியாகவும், களிம்பை வெட்டாத அளவுக்கு மென்மையாகவும் இருக்கிறது. முனை மழுங்கினால் அடுத்த முள். அதற்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

அந்த முள்ளால் நான் திறந்த முதல் காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. பின்பக்கத்தில் முதலில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது, பிறகு ஈட்டி, பிறகு எதிரெதிராக நிற்கும் இரண்டு வீரர்கள். படையின் பெருமை என்று பொருள்படும் 'குளோரியா எக்சர்சிட்டஸ்' வகை என்பது அப்போதே புரிந்துவிட்டது. இந்த வகையில் வீரர்களுக்கு நடுவே எத்தனை கொடிக்கம்பங்கள் என்பதே கேள்வி. இரண்டு என்றால் கி.பி. 330 முதல் 335 வரை அடித்த காசு. ஒன்றே என்றால் அதற்குப் பிந்தியது. அந்த நடு இடத்தில்தான் மண் கல்லாக இறுகிக் கிடந்தது, அரிசிமணியில் பாதி அகலம்கூட இல்லாத இடம். ஒரு சொட்டு நீர் வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, துகள் துகளாக எடுத்ததில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான ஒன்பது நாட்கள் கழிந்தன. பத்தாம் நாள் இரண்டாவது கம்பம் தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். எழுப்பிக் காட்ட வேண்டும் போல இருந்தது. அடியில் எஸ், எம், டி, எஸ் என்ற எழுத்துகள் இருந்தன. தெசலோனிக்கா நகரத்து நாணயச்சாலையின் குறி அது. முன்பக்கத்துத் தலை பேரரசன் கான்ஸ்டன்டைனின் மகன், இரண்டாம் கான்ஸ்டன்டைன்.

இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். துலக்கி முடித்த இரண்டு காசுகளை அவசரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசி, சரியாகக் காய வைக்காமல் டப்பாவில் போட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் திறந்து பார்த்தால், வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது. காசுக்குள் இருக்கும் குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டதும் செம்பை விடாமல் அரித்துக்கொண்டே போகும் நோய் அது. நம் பகுதிக் கிணற்று நீரின் உப்பு அதற்குத் துணைபோகும். சிறுவாணி நீர் எவ்வளவு இனித்தாலும் குழாயில் குளோரின் கலந்தே வருகிறது. பொடியை முள்ளால் சுரண்டி எடுத்து, சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் காய்ச்சி வடித்த நீரில் கலந்த கரைசலில், அடிக்கடி மாற்றி மாற்றி இரண்டு மாதம் வைத்தேன். ஒன்று பிழைத்தது. இப்போது எல்லாக் காசுகளையும் அசிட்டோனில் முக்கி, நன்றாக உலர்த்தி, மெல்லிய மெழுகு பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கிறேன்.

கடைசியாக, சென்ற பங்குனியில் நடந்தது. கரூரிலிருந்து உறவுக்காரர் ஒருவர், அமராவதி மணலில் கிடைத்ததென்று ஒரு சிறு செப்புக் காசைக் கொண்டுவந்து, "ஏனுங்க மாப்ள, இதக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கித் தர முடியுங்களா?" என்று கேட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதையின் உருவம் நிழலாகத் தெரிந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசில் பரவலாக அடித்த வகை. ஆனால் என் பால்கன் காசுகளைப் போல அதன் கோடுகள் கூர்மையாக இல்லை. நெடுங்காலம் கைமாறிக் கைமாறித் தேய்ந்ததாகவே எனக்குப் பட்டது. நம் மண்ணில் யாரோ அதைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, முள்ளை எடுக்கக் கை வரவில்லை.

விலை கொடுத்து வாங்கிய பால்கன் காசு எந்த இடத்தில் கிடைத்தது என்பது ஏற்கெனவே தொலைந்துபோன செய்தி. இந்தக் காசுக்கு அந்தச் செய்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. முதலில் அவர் முகம் வாடியது. பிறகு அவரே, ஆற்றில் எந்தப் படித்துறைக்குக் கிழக்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். விண்ணப்பத்தையும் சேர்த்து எழுதினோம். எடை 1.2 கிராம், குறுக்களவு 13 மில்லிமீட்டர். காசை மெல்லிய தாளில் மடித்து, அந்தக் குறிப்போடு அவர் கையில் கொடுத்தேன். விளிம்பில் ஒட்டியிருந்த அமராவதி மணலை நான் தட்டிவிடவில்லை.