குன்னூர்: வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் 40 டிகிரி வைத்தாலும் தண்ணீர் சூடாவதில்லை. இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரிலேயே துவைப்பதால், படுக்கையில் இருக்கும் அம்மாவின் போர்வைகளில் சோப்புத்தூள் கரையாமல் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் சோதித்தபோது, 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் மின்தடை காட்டியது; 230 வோல்ட்டுக்கு அது சரியான அளவு என்பதால் ஹீட்டர் மீது எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அதை ஒட்டியுள்ள வெப்பநிலை சென்சாரின் முனைகளில், இங்குள்ள ஈரக்காற்றில் எதிர்பார்க்கக்கூடியதுதான், பச்சை பூத்திருந்தது. சூட்டில் குறைய வேண்டிய அதன் ஓம் அளவு, கழற்றி வெந்நீரில் வைத்தும் சிறிதும் குறையவில்லை.

பார்க்க வந்த மெக்கானிக், மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டையே மாற்றச் சொல்கிறார். சென்சாரை மட்டும் மாற்றினால் போதுமா, போர்டில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் சோதிக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.