பின்கதவின் கம்பி

குழு: சேலத்து வீடு, பெங்களூரு கிளை
ஞாயிற்றுக்கிழமை

அல்சூர் பெரியப்பா, காலை 7.40
அனைவருக்கும் வணக்கம். சீனாவின் செங்டு நகரில் 2025 அக்டோபரில் மின்சாரக் கார் ஒன்று மோதி எரிந்தபோது, ஓடிவந்தவர்கள் கதவைத் திறக்க முடியாமல் கண்ணாடியைக் கையாலும் காலாலும் அடிக்கும் காணொளியை நேற்றிரவு பார்த்தேன். அதன்பின் தூக்கமே வரவில்லை. முரளி அடுத்த வாரம் மின்சார வண்டி எடுக்கப் போகிறான். முன்பணம் போனால் போகட்டும், அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

தம்பி முரளி, 7.52
பெரியப்பா, ஓட்டியவர் குடித்திருந்ததாகச் சந்தேகம் என்று அந்த ஊர்க் காவல்துறையே சொல்லியிருக்கிறது. அவர் செய்த தவறுக்கு வண்டியைக் குறை சொல்லலாமா? நான் எடுக்கும் வண்டி, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

நான், 8.15
முரளி, பதினோரு ஆண்டுகளாக விபத்து வண்டிகளைச் சர்வே செய்கிறவள் சொல்கிறேன், கேள். வண்டி ஏன் மோதியது என்பது ஒரு கேள்வி. மோதிய பிறகு உள்ளே இருந்தவர் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் குடி பதிலாக இருக்கலாம். இரண்டாவதற்குக் கதவைச் செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சில மின்சாரக் கார்களில் கதவின் தாழ் பன்னிரண்டு வோல்ட் சிறிய பேட்டரி ஒன்றின் மின்சாரத்தால்தான் விடுபடும். பலமாக மோதும்போது அந்தச் சிறிய பேட்டரியோ வயரோ போய்விட்டால், கதவோடு கதவாகப் படிந்திருக்கும் கைப்பிடி வெளியே நீளாது. மின்சாரம் இல்லாமலே உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் வசதி புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களின் கதவுகளில் 2027 ஜனவரி முதல் இருந்தாக வேண்டும் என்று சீன அரசு விதித்திருக்கிறது. ஓட்டியவர்மீது பழி போட்டதோடு விட்டிருந்தால் அந்த விதி வந்திருக்குமா?
ஐந்து நட்சத்திரம் நல்லதுதான். ஆனால் அந்த முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது; நீ சேலம் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி எந்த வேகத்தில் போகிறாய் என்பது எனக்குத் தெரியும்.

சித்தி, 8.31
ஓட்டியவரே இறந்துவிட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்?

நான், 8.44
சித்தி, என்னை மிகவும் வருத்துவது அதுதான். அதிவேகம், கவனக்குறைவு என்று இறந்தவர்மீதே முதல் தகவல் அறிக்கை எழுதப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அத்துடன் அற்றுப்போகிறது. பிரேக் எத்தனை விநாடிக்கு முன் அழுத்தப்பட்டது, ஸ்டியரிங்கையும் வேகத்தையும் தானே கவனிக்கும் ஓட்டுநர் உதவி வசதி இயங்கிக்கொண்டிருந்ததா என்பதெல்லாம் வண்டியின் கணினியில் பதிவாகியிருந்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. விதவையாகி நிற்கும் பெண்ணிடம் "உங்கள் கணவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது" என்று ஒருவர் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவர் தூங்கினார் என்பதற்கு எந்தச் சான்றும் அங்கே இல்லை.
பழியைப் பங்கிட முடியும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2019-இல், உதவி வசதியை நம்பி டெஸ்லா ஓட்டியவர் கீழே விழுந்த கைபேசியைத் தேடக் குனிந்தார். சாலை முடியும் சந்திப்பைத் தாண்டிப் பாய்ந்த வண்டி, ஓரமாக நின்றிருந்த இளம்பெண்ணின் உயிரைப் பறித்தது. 2025 ஆகஸ்டில் ஜூரிகள் ஓட்டியவருக்கு 67 விழுக்காடும் நிறுவனத்திற்கு 33 விழுக்காடும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, நிறுவனம் ஏறத்தாழ 24 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள்.

தம்பி முரளி, 8.58
என் வண்டியிலும் தடம் மாறாமல் ஓட்டும் வசதி இருக்கிறது, அக்கா. கை ஸ்டியரிங்கில்தான் இருக்கப் போகிறது.

நான், 9.06
இருக்கட்டும். 2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஷியோமி கார் ஒன்று அந்த வகை வசதியில் மணிக்கு 116 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. சாலைப்பணி நடக்கும் இடம் வந்ததும் எச்சரிக்கை ஒலித்தது, ஓட்டியவர் வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த சில விநாடிகளுக்குள் கான்கிரீட் தடுப்பில் மோதிற்று. மூன்று கல்லூரி மாணவிகள் போய்விட்டார்கள். பணி நடக்கும் இடத்தைப் பார்த்ததுமே அந்த வசதியை நீயே நிறுத்திவிடு, எச்சரிக்கைக்காகக் காத்திருக்காதே. நம் ஒசூர் சாலையில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை.

அல்சூர் பெரியப்பா, 9.20
பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கவே முடியாது என்கிறார்களே, அம்மா?

நான், 9.27
பெட்ரோல் காரும் எரியும், பெரியப்பா. பேட்டரித் தீயின் சிக்கல், அணைந்தது போலிருந்து பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவது. அதனால்தான் மோதிய மின்சார வண்டியை மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தச் சொல்கிறோம். முரளி எடுக்கும் வண்டியின் பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகை. நிக்கல் வகையைவிடச் சூடு தாங்கும். என் கவலை கதவைப் பற்றியதுதான்.

சித்தி, 10.12
எதிர்வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய் அவருடைய மின்சாரக் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். கதவில் தண்ணீர்ப் புட்டி வைக்கும் பையின் அடியில் ரப்பர் விரிப்பு, அதன் கீழே நகத்தால் நெம்ப வேண்டிய மூடி, அதற்குள் விரல்நுனி மட்டும் நுழையும் இடத்தில், மின்சாரம் இல்லாதபோது கதவைத் திறக்க இழுக்க வேண்டிய கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருடைய அம்மா தினமும் அந்த இருக்கையில்தான் கோவிலுக்குப் போகிறார்.

நான், 10.20
நான்கு நிமிடம். புகைக்குள் ஒருவருக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது, சித்தி. அந்த அம்மாவுக்கு இன்றே ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்றை முன்னிருக்கையில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள்.

தம்பி முரளி, 10.34
ஷோரூமில் பேசிவிட்டேன். என் வண்டியில் பின்கதவின் உள்கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் மின்சாரம் இல்லாமலும் திறக்கும் என்கிறார்கள். பன்னிரண்டு வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்து காட்டினால்தான் மீதிப் பணம் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். பெரியப்பா, சனிக்கிழமை பத்தரை மணிக்கு நீங்களும் வாருங்கள். பின் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து, உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

அல்சூர் பெரியப்பா, 10.41
வருகிறேன். திறக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிட வேண்டும், சரிதானே?

தம்பி முரளி, 10.42
சரி, பெரியப்பா.