1500 மீட்டர் இறுதிப் போட்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ஜெலுத்தோங்வாசி:

2025 செப்டம்பர் தோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் ஆண்கள் 1500 மீட்டர் இறுதியை மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம். நம் நேரம் இரவு ஒன்பது தாண்டியிருந்தது, அந்த நேரத்துக்குப் பந்து ஆட்டம் எதுவும் இல்லாததால் கடைக்காரர் சேனலை மாற்றிக் கொடுத்தார். போர்த்துகலின் இசாக் நாடெர் கடைசி நேர்கோட்டில் பின்னாலிருந்து வந்து ஜேக் வைட்மனை 0.02 விநாடியில் முந்தினார். ஓட்டம் என்னவோ அருமைதான், ஆனால் நேரம் 3:34.10. மொராக்கோவின் எல் கெரூஜின் உலக சாதனை 3:26.00, அதுவும் 1998-இல் வைத்தது. எட்டு விநாடி பின்னால் ஓடினவர் எப்படி உலக சாம்பியன் என்று கூட இருந்த நண்பன் கேட்டான், என்னிடம் சரியான பதில் இல்லை.

இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பி இடைநிலைப் பள்ளியில் 1500 ஓடுகிறான். துப்பாக்கி வெடித்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து மூன்று சுற்றும் முன்னால் நிற்பான், கடைசி 200-இல் நான்கு பேர் அவனைத் தாண்டிப் போவார்கள். பயிற்சியில் ஓடும் நேரம் போட்டியில் வருவதே இல்லை என்று கோச் திட்டுகிறார். பெரிய ஓட்டக்காரர்களுக்கும் இதே கதைதானா?

தண்ணீர்மலை ஓட்டம்:

சாதனை ஓட்டமும் பதக்க ஓட்டமும் வேறு வேறு ஆட்டம், தம்பி. எல் கெரூஜ் ரோமில் 3:26 ஓடியபோது முன்னால் இழுத்துக்கொண்டு போக பேஸ்மேக்கர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு சுற்றும் எத்தனை விநாடி என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. இப்போது டைமண்ட் லீக் தொடர்ப் போட்டிகளில் உள் ஓரத்தில் குறித்து வைத்த வேகத்தில் விளக்கு வேறு ஓடுகிறது, அதைத் துரத்தினால் போதும். உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் பேஸ்மேக்கர் கிடையாது. யாராவது ஒருவர் தானாக முன்னால் போய்க் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா வருவார்கள். அந்த வேலையைச் செய்ய யாருக்கு ஆசை?

ரியோ 2016 ஒலிம்பிக் இறுதியைத் தேடிப் பாருங்கள். சென்ட்ரோவிட்ஸ் தங்கம் வாங்கிய நேரம் 3:50.00. நம் பினாங்கு பையன்கள் சிலரே கொஞ்ச தூரம் அவர்களோடு சேர்ந்து ஓடியிருப்பார்கள், அவ்வளவு மெதுவு. ஆனால் கடைசிச் சுற்று 51 விநாடிக்குள், அங்கே யாரும் கூட ஓடியிருக்க முடியாது. நேரத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, கடைசிச் சுற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரோமில் எல் கெரூஜுக்கு பேஸ்மேக்கராக ஓடியவர்களில் ஒருவர் கென்யாவின் நோவா நிகெனி. இரண்டு வருடம் கழித்து சிட்னி ஒலிம்பிக் இறுதியில் எல் கெரூஜைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர் அதே நிகெனிதான்.

கிளப்_ஓட்டக்காரன்:

அதெல்லாம் சரி, தோக்கியோவில் ஆள் இல்லை என்பதையும் சொல்லுங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 தங்கம் வென்ற அமெரிக்காவின் ஹாக்கரை அரையிறுதியில் இடித்துக்கொண்டு போனதற்காகத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள் (அப்புறம் கோபத்தில் 5000-இல் தங்கம் அடித்தார், அது வேறு கதை). நார்வேயின் இங்கெபிரிக்ட்சன் காயத்திலிருந்து வந்து முதல் சுற்றிலேயே வெளியே. ஜோஷ் கெர் இறுதியில் கால் பிடித்துக்கொண்டு நொண்டியபடி கடைசியாக முடித்தார். மூன்று பெரிய ஆட்களும் இல்லாத இறுதி அது. நாடெரைக் குறை சொல்லவில்லை, ஆனால் இதை வைத்து மொத்த 1500-ஐயும் அளக்காதீர்கள்.

தண்ணீர்மலை ஓட்டம்:

அளக்கவில்லை. ஏதென்ஸ் 2004-இல் எல் கெரூஜே தங்கம் வென்றது 3:34.18-இல். ஆள் இருந்தாலும் அப்படித்தான் ஓடுவார்கள்.

செந்தூல் பழசு:

1998 காமன்வெல்த் போட்டி நம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடந்தது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. எல் கெரூஜ் ரோமில் சாதனை வைத்து இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே 1500 தங்கம் கென்யாவின் லபான் ரோடிச், நேரம் 3:39.49. அதே மைதானத்தில் 800-இல் ஜாபெத் கிமுத்தாய் 1:43.82, அது எந்த ஊரிலும் வேகம்தான். ஆக ஈரக்காற்று, வெக்கை என்று ஊர்மேல் பழி போட வேண்டாம். 800-இல் முதல் வளைவு வரை அவரவர் லேனில் ஓட வேண்டும், எல்லாரும் ஆரம்பத்திலேயே வேகமெடுக்கிறார்கள், பார்த்துப் பார்த்து நடிக்க நேரம் இல்லை. 1500-இல் நடிக்க நிறைய இடம்.

அதே போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார், அதை எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நடுத்தர ஓட்டத்தில் நம்மவர் என்றால் பி. ராஜ்குமார். 1985-இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி 800 மீட்டர் தங்கம், 1:47.37. அந்த தேசிய சாதனையை எத்தனையோ தலைமுறைப் பையன்கள் துரத்திப் பார்த்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் நடிகரா என்று கேட்கிறார்கள்.

கிளப்_ஓட்டக்காரன்:

ஐயா சொன்னது சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் தம்பி கதை அப்படியே இங்கெபிரிக்ட்சன் கதை. 2022 யூஜீன் உலகப் போட்டியில் முன்னால் இழுத்தார், கடைசி 200-இல் வைட்மன் தாண்டினார். (அந்த மைதானத்து அறிவிப்பாளர் வைட்மனின் அப்பா, பெற்ற பிள்ளை உலக சாம்பியன் ஆனதை அவரே மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது.) 2023 புடாபெஸ்டிலும் அதேதான், இந்த முறை கெர். 2024 பாரிஸில் இனி யாரும் ஒட்ட முடியாதபடி ஓடுகிறேன் என்று முதல் சுற்றையே 55 விநாடி கணக்கில் கிழித்தார். நான் விடிய விடிய விழித்துப் பார்த்தேன். கடைசி நேர்கோட்டில் ஹாக்கர் உள்பக்கம் நுழையப் பார்த்தார், இடம் அடைபட்டது, கொஞ்சம் தயங்கினார். இங்கெபிரிக்ட்சன் கெர் பக்கமாக வெளியே சாய்ந்ததும் அதே சந்தில் மறுபடி புகுந்து 3:27.65, ஒலிம்பிக் சாதனை. கெர் 3:27.79, நுகுசே 3:27.80. நான்காவதாக வந்த இங்கெபிரிக்ட்சனின் 3:28.24 கூட அவருடைய பழைய ஒலிம்பிக் சாதனையைவிட வேகம். பதக்கம் மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் பேஸ்மேக்கர் வேலை பார்த்துக் கொடுத்தார், சம்பளம் வாங்காமல்.

ஜெலுத்தோங்வாசி:

இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியென்றால் 800 மீட்டர் ஓடிய கென்யாவின் ருடிஷா என்ன செய்தார், அவரும் முன்னால்தானே ஓடினார் என்கிறான். என்ன சொல்வது?

பாயான் பாரு டீச்சர்:

லண்டன் 2012-இல் ருடிஷா பேஸ்மேக்கர் இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை தானே முன்னால் ஓடி 1:40.91 உலக சாதனை வைத்தார், உண்மை. அப்படி ஓட, உடன் ஓடும் ஏழு பேரையும்விட நீ நிஜமாகவே ஒரு படி மேலே இருக்க வேண்டும். தம்பி அப்படி இருந்தால் கடைசி 200-இல் நான்கு பேர் எப்படித் தாண்டுவார்கள் என்று அவனையே கேளுங்கள்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். பின்னால் ஓடு என்று சொன்னால் உடனே எல்லாரும் வெளியே இரண்டாவது லேனில் போய் நிற்கிறார்கள், அது அடுத்த தப்பு. வளைவில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதல். 1500-இல் ஏழு வளைவு, மொத்தம் 22 மீட்டர் வருகிறது. நாலரை நிமிடத்தில் ஓடுகிற பையனுக்கு அது நான்கு விநாடி. உள்ளே ஒட்டி ஓடினால் அடைபட்டுக்கொள்வான், வெளியே ஓடினால் தூரம் கூடும், இதற்கு நடுவில்தான் பிழைப்பு. வளைவில் உள்ளே இரு, நேர்கோட்டில் வெளியே வந்து இடம் பிடி, கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது மூன்றாவது ஆளுக்குப் பின்னால் போகாதே. பயிற்சியில் களைத்த காலோடு கடைசி 300-ஐ வேகமாக ஓட விடுங்கள். பயிற்சி நேரத்தையும் போட்டி நேரத்தையும் ஒப்பிட்டுத் திட்டுவதை முதலில் கோச் நிறுத்தட்டும்.

செந்தூல் பழசு:

டீச்சர், பள்ளிப் போட்டியில் 20 பிள்ளைகளை ஒரே கோட்டில் நிறுத்தி விடுகிறார்கள். அதில் முதல் 100-ஐ மெதுவாக எடுத்தால் மூன்றாவது ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. ஆரம்பத்தில் பாய்வது அங்கே தப்பில்லை, பாய்ந்த பிறகு வேகத்தைக் குறைத்து இன்னொருவனை முன்னால் விடத் தெரிய வேண்டும்.

பாயான் பாரு டீச்சர்:

ஒத்துக்கொள்கிறேன், ஐயா. ஆனால் பதினைந்து வயதுப் பையனை முன்னால் போன பிறகு வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், கேட்கிறானா என்று.