கவட்டில் கிழிவது துணியா, தையலா? வேலைக்குப் போடும் பேண்ட் பற்றி வேலூரில் ஒரு வாக்குவாதம்

ஊசிமுனை:
"அன்றாடம் வேலைக்குப் போட 500 ரூபாய் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் போதும், தையல்காரரிடம் போவது காசைக் கரியாக்கும் வேலை" என்று பாலாற்றங்கரை என்பவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வேலூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். என்னிடம் பழுது பார்க்க வரும் பேண்ட்களில் பெரும்பாலானவை அவர் புகழும் அதே ஜீன்ஸ்தான். முட்டியில் சாயம்கூட மங்கியிருக்காது, கவட்டில் கை நுழையும். பிரித்துப் பார்த்தால் தையலுக்கு அப்பால் கால் அங்குலத் துணிதான் இருக்கும். அதன் ஓரத்தையும், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினின் கத்தி அரிந்திருக்கும். பிடித்துத் தைக்க எனக்குத் துணி வேண்டாமா?

என் கணக்கு இது. கெட்டியான காட்டன் டிரில், 58 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், ஒன்றேகால் மீட்டர். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். பின்பக்கத் தையலில் இடுப்பருகே ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, கவட்டு வளைவில் அரை அங்குலமாகக் குறைக்க வேண்டும். உள்தொடையில் பின்பாகத்தில் ஓர் அங்குலம் விட வேண்டும். கவட்டில் இரட்டைத் தையல். இப்படித் தைத்த பேண்ட் கவட்டில் கிழியாது. கிழிந்தால் அது தையலின் குற்றம், துணியின் குற்றம் அல்ல.

பாலாற்றங்கரை:
ஊசிமுனை ஐயா, உங்கள் தொழில்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெயிலில் அலைபவன் சொல்வதையும் கேளுங்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று நாள் முழுக்க வண்டியில் ஏறி இறங்குகிறேன். லாங்கு பஜாரில் துணி எடுத்துத் தைத்துப் போட்டவன்தான் நானும். துணி 350, தையல் கூலி 450. பின்சீட்டில் மூட்டை இருந்ததால் காலை உயர்த்தித் தாண்டிப் போட்டேன், டர்ரென்று போய்விட்டது. தையல் அப்படியே இருந்தது. தையலை ஒட்டித் துணிதான் கிழிந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஸ்ட்ரெட்ச் துணியில் இழுபடும் நூல் இரண்டு சதவீதம் இருந்தாலே போதும், கால் போகும் பக்கம் துணியும் வரும்.

ஊசிமுனை:
கவட்டில் எவ்வளவு துணி விட்டிருந்தது?

பாலாற்றங்கரை:
நடுத்தெருவில் பின்பக்கம் கிழிந்து நிற்பவன் அளவுநாடாவைத் தேடிக்கொண்டிருப்பானா?

ஊசிமுனை:
அளக்காமலேயே தையல் சரியாக இருந்தது என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். தையலை ஒட்டித் துணி கிழிந்தது என்றால் இழுப்பு முழுவதையும் அந்த ஒரு கோடு தாங்கியிருக்கிறது என்று பொருள். பேண்டின் பின்பக்கத்தில் தளர்ச்சி இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். உடம்போடு ஒட்ட வேண்டும் என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். பின்பாகத்தின் கவட்டு முனையை முக்கால் அங்குலம் நீட்டி வெட்டியிருந்தால், மூட்டை என்ன, ஆளே பின்னால் உட்கார்ந்திருந்தாலும் கால் தாண்டிப் போகும்.

சிப்காட்வாசி:
இரண்டு பேருமே என்ன வேலைக்குப் பேண்ட் என்று கேட்கவில்லை. நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறேன். வெல்டிங், கிரைண்டிங், இவைதான் நாள் முழுக்க. எங்கள் பக்கம் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனுக்குத் தொடையில் பொறி விழுந்தது. பாலியஸ்டர் கலந்த துணி எரிவதற்கு முன்பே உருகும், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துணியை இழுத்தால் தோலும் வரும். சுத்தமான பருத்தி கருகி ஓட்டை விழும், அவ்வளவுதான். இன்னொன்று, காலின் அடியில் வெளிப்பக்கம் மடித்துத் தைத்த பேண்ட் போடக்கூடாது. அந்த மடிப்புக்குள் பொறி விழுந்து தங்கும். கால் நீளம் ஷூவை மூடி இறங்க வேண்டும்.

எங்கள் பேண்ட் முதலில் போவது தொடையின் முன்பக்கம். சல்லடை மாதிரி ஆகிவிடும். கவட்டைப் பற்றி நாங்கள் நினைப்பதே இல்லை.

ஊசிமுனை:
உட்கார்ந்து வெல்டிங் வைக்கும்போது கவட்டில்தானே இழுக்கும்? அதில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது?

சிப்காட்வாசி:
கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நன்றி.

குடியாத்தம் தறி:
நீடித்து உழைப்பது என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது. கிழியாததா, தேயாததா, சாயம் போகாததா? மூன்றும் வேறு வேறு. தறியில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். டிரில், டெனிம் எல்லாம் சாய்வரி நெசவு. குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலும் கீழும் போகாமல் இரண்டு மூன்றைத் தாண்டிப் போகும். அதனால் இழுக்கும்போது நூல்கள் ஒன்றோடொன்று நெருங்கிச் சேர்ந்து தாங்கும். ஒரே எடையில் சாதா நெசவு அதைவிடச் சீக்கிரம் கிழியும்.

கடையில் துணியை இரண்டு கைக்குள் வைத்துக் கசக்கித் தேயுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் அந்தக் கெட்டித்தனம் கஞ்சி. முதல் அலசலிலேயே வெளுத்து மெலிந்துவிடும். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். காட்டன் என்று எழுதி ஒட்டிய துணியிலேயே மணி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் பார்த்து எடுத்தால், கவட்டில் கிழிவது துணியால்தான் என்று உங்களுக்கே தெரியும்.

ஊசிமுனை:
தறிக்காரர் தறியைப் பற்றிச் சொன்னது நன்று. தையலைப் பற்றிச் சொன்னது எதற்கு என்று தெரியவில்லை. பட்டுத் துணியைக் கொண்டுவந்தாலும் கவட்டில் கால் அங்குலம் விட்டால் போகும்.

காட்பாடி சந்திப்பு:
இந்தச் சண்டைக்கு 150 வயது ஆகிறது. உழைப்பாளிகளின் பேண்ட் கிழிகிறதே என்று தாமிர ரிவெட், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் குமிழாணி, அடித்துப் பார்த்தவர் ஜேக்கப் டேவிஸ். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊர்க்காரர். தமக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாக்கெட் மூலைகளிலும் முன்பக்கப் பொத்தான் பட்டையின் அடியிலும் ரிவெட். அவரும் தையல்காரர்தான்.

ஊசிமுனை:
பார்த்தீர்களா! ஜீன்ஸ் ஜீன்ஸ் என்று துள்ளுகிறார்களே, அதை உழைக்க வைத்தவரே தையல்காரர். தொழிற்சாலைக்காரருக்கு அது தோன்றவில்லை. இதை இங்கே எழுதியதற்குக் காட்பாடி நண்பருக்கு நன்றி.

பாலாற்றங்கரை:
தையல் மட்டும் தாங்கியிருந்தால் அவர் ஏன் ரிவெட்டைத் தேடிப் போனார்? உங்கள் ஆளே தையலை நம்பவில்லை ஐயா.

ஊசிமுனை:
ரிவெட் அடித்தது இழுப்பு வந்து சேரும் முனைகளில். அந்த இடங்களில் இப்போது நெருக்கிப் போடும் பார்டேக் தையல் வந்துவிட்டது. கவட்டுத் தையல் வேறு. அதில் துணியை விட வேண்டும். விட்டார்களா இல்லையா என்றுதான் காலையிலிருந்து கேட்கிறேன், பதில் வரவில்லை.

தோல் ஷாப்:
வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலை. வெல்டிங் தம்பி பருத்திதான் என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் இடத்துக்கு அது சரிப்படாது. குரோம் ஏற்றுவதற்கு முன்னால் தோலை உப்பிலும் கந்தக அமிலத்திலும் போடுவோம். டிரம் கதவைத் திறக்கும்போது ஒரு துளி தெறித்தால் போதும். அப்போது ஒன்றும் தெரியாது. காய்ந்து, அடுத்த முறை துவைக்கும்போது அந்த இடம் பொட்டாக உதிர்ந்துவிடும். அமிலம் பருத்தியைத் தின்னும், பாலியஸ்டரை அவ்வளவு சீக்கிரம் தொடாது. எங்களுக்குப் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன்தான் உழைக்கிறது. வெயிலில் புழுங்கும், அது உண்மை. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது, வியர்வை உடம்பிலேயே நிற்கும். கத்திரி வெயிலில் தொடை இடுக்கு வெந்துபோகிறது. ஆனால் ஓட்டை பேண்டோடு வீட்டுக்குப் போக முடியாதே.

சிப்காட்வாசி:
அண்ணா, நான் பொறியைச் சொன்னேன், நீங்கள் அமிலத்தைச் சொல்கிறீர்கள். தோல் ஷாப்பில் ரப்பர் ஏப்ரன் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதைக் கேட்காமல் பேண்டில் போய்ப் பாதுகாப்பைத் தேடினால் எப்படி?

தோல் ஷாப்:
கொடுக்கிறார்களா இல்லையா என்று சிப்காட்டில் இருந்துகொண்டு நீங்கள் சொல்ல வேண்டாம். ஏப்ரன் முன்னால்தான் மறைக்கும். தோல் ஷாப் கழிவு கலந்த பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு ஊரே எங்களைக் கைநீட்டிப் பேசியது. இப்போது பேண்டுக்கும் எங்களையே குறை சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
தண்ணீர் என்று வந்ததால் கேட்கிறேன். போர்த் தண்ணீரில் சோப்பு நுரையே வருவதில்லை, திட்டுத் திட்டாக ஒட்டுகிறது. அதற்காக இன்னும் சோப்பு, இன்னும் பிரஷ். பேண்ட் தேய்வது பாதி துவைப்பதில்தான். அதற்கும் தையல்தான் காரணமா ஐயா?

ஊசிமுனை:
கல்லில் அடித்துத் துவைத்தால் எந்தத் துணியும் போகும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஊறவைத்து, கையால் கும்மினால் போதும். ஸ்ட்ரெட்ச் துணியை வெந்நீரிலும் பிளீச்சிங்கிலும் போட்டால் அந்த இழுபடும் நூல்தான் முதலில் செத்துப்போகும். அப்புறம் முட்டி பை மாதிரி தொங்கும், கவட்டில் அலை அலையாக நிற்கும். இதைப் பார்க்காதவர்களா நீங்கள்?

பாலாற்றங்கரை:
என் மனைவி கல்லில் அடிப்பதில்லை. வீட்டுக்குள் வந்து பார்த்தது போல எழுத வேண்டாம்.

ஊசிமுனை:
நான் யார் வீட்டையும் சொல்லவில்லை.

காட்பாடி சந்திப்பு:
வேலூர் விஷயத்தில் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் வந்து தீர்ப்பு சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. 2019இல் மாவட்டத்தைப் பிரித்தாகிவிட்டது. ஆளுக்கு ஒரு கலெக்டர் அலுவலகம் இருக்கிறது.

சிப்காட்வாசி:
துணி வாங்க மட்டும் நாங்கள் லாங்கு பஜாருக்கு வர வேண்டும், பேச வரக்கூடாதா? பழைய வட ஆர்க்காட்டுக்காரன் நான். காட்பாடியில் ரயில் நிற்கிறது என்பதற்காக இவ்வளவு தலைக்கனம் வேண்டாம்.

காட்பாடி சந்திப்பு:
உங்கள் வாலாஜா ரோட்டில் நிற்காத ரயில்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

குடியாத்தம் தறி:
நீடித்து உழைப்பது எது என்று நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஊசிமுனை:
அதற்கு நான் தொடக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டேன். கவட்டில் கிழியாதது உழைக்கும்.

திருவலம் அம்மா:
எல்லாவற்றையும் படித்தேன். என் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்திருக்கிறான். இரண்டு பேண்ட் எடுக்க வேண்டும். கையில் 1,500 ரூபாய்க்கு மேல் இல்லை. எதை எடுப்பது என்று யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள்.

சிப்காட்வாசி:
அக்கா, சுத்தமான காட்டன் டிரில். ஒர்க்ஷாப்பில் கிரைண்டிங் கண்டிப்பாக இருக்கும். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நூலை எரித்துப் பாருங்கள்.

தோல் ஷாப்:
டெரிகாட்டன் எடுங்கள். சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், இரண்டே பேண்டை மாற்றி மாற்றிப் போடும் பையனுக்கு அதுதான் சரி. மழைக்காலத்தில் டிரில் ஒரே நாளில் காயாது.

சிப்காட்வாசி:
பொறி பட்டு உருகினால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா அண்ணா?

பாலாற்றங்கரை:
இரண்டு பேண்ட் தைத்தால் 1,600 ஆகிவிடும் அம்மா, உங்கள் கையில் இருப்பது 1,500. லைக்ரா என்கிற இழுபடும் நூல் இல்லாத கெட்டி ஜீன்ஸ் ரெடிமேடில் கிடைக்கிறது. 12 அவுன்ஸ் டெனிம் என்று கேளுங்கள். அது ஏறக்குறைய 400 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 400 கிராம் எடை. வளரும் பையனுக்குத் தைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஊசிமுனை:
நேற்றுவரை ஸ்ட்ரெட்ச், இன்று லைக்ரா இல்லாத ஜீன்ஸா? வேலூர் வெயிலில் ஒர்க்ஷாப் தகரக் கூரைக்குக் கீழே 400 ஜி.எஸ்.எம். போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை நிற்க வேண்டுமா? அம்மா, வளரும் பையனுக்குத்தான் தைக்க வேண்டும். இடுப்பில் ஒன்றரை அங்குலமும் காலடியில் இரண்டு அங்குலமும் உள்ளே விட்டால் அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிக் கொடுக்கலாம். ரெடிமேடில் இறக்கத் துணி ஏது? 250 ஜி.எஸ்.எம். டிரில் எடுத்து வாருங்கள், கூலியைக் குறைத்துக்கொள்கிறேன்.

பாலாற்றங்கரை:
ஆக, இவ்வளவு நேரம் நடந்தது கடைக்கு விளம்பரம்.

ஊசிமுனை:
என் கடையின் பெயரை எங்கேயாவது எழுதினேனா? ஒரு பிள்ளைக்குத் தைக்கிறேன் என்றதை விளம்பரம் என்கிறீர்கள். உங்கள் கிழிந்த பேண்டை இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். பிரித்து, கவட்டில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் அப்புறம் பேசலாம்.

பாலாற்றங்கரை:
அளக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். அதை வண்டி துடைக்க வைத்திருக்கிறேன்.

திருவலம் அம்மா:
250 ஜி.எஸ்.எம். என்று கடையில் கேட்டால் சொல்வார்களா?

குடியாத்தம் தறி:
துணிச் சுருளின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் சில சமயம் இருக்கும் அம்மா. இல்லாவிட்டால் கசக்கிப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் கை தெரிந்தால் வேண்டாம். துணி நன்றாக இருந்தால் தையல் எப்படி இருந்தாலும் ஓடும்.

ஊசிமுனை:
எப்படி இருந்தாலும் ஓடுமா? இதை அப்படியே விட முடியாது. தறி ஐயா, கவட்டு வளைவில் துணி சாய்வாகத்தான் வெட்டுப்படும், சாய்வில் வெட்டிய துணி இழுபடும், அதைத் தையல்தான் பிடித்து நிறுத்த வேண்டும். உங்கள் சாய்வரி நெசவு அந்த இடத்தில் என்ன செய்யும், சொல்லுங்கள்?

குடியாத்தம் தறி:
முதலில் நீங்கள் என் கேள்விக்குச் சொல்லுங்கள்.